நாமக்கோழி நன்னூல்

நூல் செய்கிறவன் முதலில் தன் ஊரைச் சொல்ல வேண்டும் என்பது மரபு. நன்னூல் என்னும் இலக்கணம் செய்த பவணந்தி முனிவரின் ஊர் சனகாபுரம். அது பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று எங்கள் பக்கத்தில் அடித்துச் சொல்வார்கள். ஆகவே இலக்கணம் என்பது பருத்தி, தேங்காய், மோட்டார் பம்பு, வெட் கிரைண்டர் வரிசையில் வைத்து எண்ணத்தக்க கொங்கு நாட்டு விளைபொருள் என்க. அந்த உரிமையில், கோயம்புத்தூரில் மாதம் ஒருமுறை கூடும் பறவை பார்ப்போர் சபை ஒன்றுக்கு இலக்கணம் செய்யத் துணிந்தேன். சபையின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த மாதம் எனக்கு டீ வராது.

இச்சபைக்கு இலக்கணம் எற்றுக்கு எனின், உலகத்துப் பறவைகளையெல்லாம் வகுத்துத் தொகுத்துப் பெயரிடும் இந்த மக்களை இதுவரை யாரும் வகுக்கவில்லை ஆதலின் என்க. பறவைகளுக்கு லின்னேயஸ் 1758-லேயே இரட்டைப் பெயர் சூட்டும் வழியைக் காட்டிவிட்டார். நம் வீட்டு மாடியில் வடாம் திருடும் காக்கைக்குக்கூட லத்தீனில் 'பளபளக்கும் காகம்' என்று பொருள்படும் பெயர் உண்டு. அந்தக் காக்கையைப் பைனாக்குலரில் பார்ப்பவருக்கோ 'வேலையத்தவர்' என்ற ஒற்றைப் பெயர்தான். அதையும் வீட்டிலிருப்பவர்களே சூட்டுகிறார்கள்.

சபைக்கு முன்னோர் உண்டு. 1883 செப்டம்பரில் பம்பாயில் எட்டுப் பேர் கூடினார்கள். பார்த்ததைச் சொல்லிக்கொள்வோம், பிடித்ததைக் காட்டிக்கொள்வோம் என்று அவர்கள் தொடங்கியதுதான் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். சென்னையில் இயற்கை ஆர்வலர் சங்கம் 1978-ல் வந்தது. கோவையிலோ பறவைகள் முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தன. 1902-ல் திறந்த காஸ் வன அருங்காட்சியகத்தில் அவை பஞ்சு அடைத்து இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. எண்ணுவதற்கு மிக வசதியானவை, அசைவதே இல்லை. 1990-ல் ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரால் பறவையியல் மையம் எழுந்தது. இன்று கோயம்புத்தூர் நேச்சர் சொசைட்டி நகரத்துக் குளங்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறது. திருப்பூரிலும் சேலத்திலும் அப்படிப்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. எங்கள் சபை இவற்றுக்கெல்லாம் ஒன்றுவிட்ட தம்பி.

காலமும் இடமும்

கூடும் காலம் மூன்றாம் சனிக்கிழமை மாலை ஐந்தரை. தொடங்கும் காலம் ஆறேகால். இவ்விரண்டும் ஒன்றென நினைப்பவர் புதியவர். வேறென அறிந்து ஆறரைக்கு வருபவர் மூத்தவர். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சிங்காநல்லூர்க் குளக்கரையில் நிற்பது செய்முறைப் பாடம். அதற்கு மட்டும் எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். பறவை பேச்சாளரைப் போலக் காத்திருக்காது.

உறுப்பினர்களும் வலசை வரும் இயல்பினரே. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்து ஊற்றும்போது சபையில் ஒன்பது பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் வாட்ச்மேன். ஆகஸ்ட் கடைசியில் எங்கோ வடக்கிலிருந்து முதல் சாம்பல் வாலாட்டி வந்து ஓர் ஓடைக்கல்லில் இறங்கி வாலை ஆட்டும். அன்றிலிருந்து சபையும் அசையத் தொடங்கும். அக்டோபரில் யாராவது ஒருவர் வீட்டு பால்கனியில் ஓர் ஆறுமணிக்குருவி களைத்து விழுந்திருக்கும். காலையிலும் மாலையிலும் ஆறு மணிவாக்கில் கூவும் என்பதால் தமிழ் அதற்கு வைத்த பெயர் அது. இமயமலை அடிவாரத்திலிருந்து இரவெல்லாம் பறந்து வந்த அந்த ஒன்பது வண்ணக் குருவியின் படம் வாட்சாப்பில் ஏறிய மாதம் நாற்காலி நாற்பது. தை பிறந்தால் வழி மட்டுமல்ல, கூட்டமும் பிறக்கும். 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில். பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. அப்போது வந்து, மார்ச்சில் வெயில் ஏறியதும் மறையும் உறுப்பினரைக் குளிர்கால வலசையர் என்க. வருடத்துக்கு ஒருமுறை, பேச்சு முடிந்து போண்டா வரும் தருணத்தில் மட்டும் தென்படுபவர் அரிய வழிப்போக்கர். இவரைப் பார்த்தால் தேதி குறித்து வைப்பது நல்லது.

இடம் என்பது திணை. பழைய இலக்கணம் ஐந்து நிலத்துக்கும் பறவை சொல்லியிருக்கிறது. எங்களிடம் நான்கு நிலம் தாராளமாக உண்டு. இருவாச்சி பறக்கும் வால்பாறைச் சோலைகளுக்குப் போகும் குறிஞ்சிக்காரர்கள் தனிச் சாதி. ஆனைகட்டி முல்லைக்காரர்கள் யானைக் கதையோடுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நொய்யல் ஆற்றின் வரத்தை நம்பி அந்தக் காலத்தில் வெட்டிய குளங்களின் வரிசை, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், சூலூர் என்று கிழக்கே போகப்போக மருதக்காரர்கள். கோடையில் எல்லோரும் பாலைக்காரர்கள். குறை நெய்தல் ஒன்றுதான். கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. ஆனால் குளிர்காலத்தில் மீசை ஆலாக்கள் வந்து சிங்காநல்லூர்த் தண்ணீர் மேல் கடற்காகம் கெட்டது போ என்று சுற்றிச் சுற்றி மீன் கொத்தும். அந்த மூன்று மாதம் எங்களுக்கும் நெய்தல் உண்டு, உப்பு மட்டும் கடையில் வாங்க வேண்டும்.

ஆசிரியர் இயல்

பவணந்தியார் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நான்கு உவமை சொன்னார். இவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தேட முயன்று மூன்று வருடம் ஆகிறது. ஆசிரியர் ஆகாதாருக்கும் நான்கு சொன்னார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. இவை நான்கும் எங்கள் புரொஜெக்டருக்கு முன்னால் மாறி மாறி வந்து போகின்றன. அதிலும் பருத்தியும் தேங்காயும்! எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்பே முனிவர் கோயம்புத்தூரையும் பொள்ளாச்சியையும் பார்த்துத்தான் எழுதினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கழற்குடமாவது, கழற்காய்களைப் போட்டு வைத்த குடம். போட்ட வரிசையில் வெளியே வராது. எங்கள் பேச்சாளர் ஒருவர் பென் டிரைவைச் செருகினார். முதல் படம் கூழைக்கடா. இரண்டாவது அவர் மகளுடைய பிறந்தநாள் கேக். மூன்றாவது கூழைக்கடாவின் அலகு. அடுத்தது ஆந்தை. 'இது கடைசியில் வரணும்' என்று அவர் சொன்னபோது மணி ஆறு ஐம்பது. கடைசியில் வர வேண்டியவை எல்லாம் வந்துவிட்டபடியால் முதலில் வர வேண்டியவற்றைப் பார்க்க யாரும் இல்லை.

பருத்திக் குண்டிகையாவது, வாய் சிறுத்த பாண்டத்தில் அடைத்த பஞ்சு. அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம், கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். மில்லுக் காலத்து ஊரில் இந்த உவமைக்கு உரை தேவையில்லை. ஆராய்ச்சி முடித்து வந்த ஓர் இளைஞரை நாங்கள் அரைமணி நேரம் இழுத்தோம். 'பாறு கழுகு ஏனுங்க குறைஞ்சுது?' 'டைக்ளோஃபினாக்.' அவ்வளவுதான். பக்கத்திலிருந்த ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் எழுந்து, மாட்டுக்குப் போடும் அந்த வலி மருந்து சடலத்தின் வழியாகக் கழுகுக்குப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்ததையும், 2006-ல் அதைக் கால்நடைக்குத் தடை செய்ததையும், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் அவை கூடு கட்டுவதையும் சொல்லி முடித்தார். இளைஞர் தலையாட்டினார். பஞ்சு அவரிடம், நூல் நூற்றது வேறொருவர்.

முடத்தெங்கு, ஒருவர் தோட்டத்தில் தண்ணீர் குடித்து அடுத்தவர் தோட்டத்தில் காய் போடும் கோணல் தென்னை. இதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நம் குளத்துக் கணக்கை நாலு வருடம் நம்மிடம் வாங்கிக்கொண்டு போய், நம் பெயர் இல்லாத கட்டுரையாக வெளியிட்டு, அதைப் பற்றி நமக்கே வந்து பேசுவோர் எல்லா ஊரிலும் உண்டு. பேச்சு நன்றாகவே இருக்கும். அதுதான் எரிச்சல்.

மடற்பனையில்தான் நூலாசிரியனாகிய நான் முதல்நூலோடு மாறுபடுகிறேன். கருக்கு மட்டை சூழ்ந்த பனை யாரையும் ஏற விடாது, தானாக விழுந்தால்தான் உண்டு. இதை முனிவர் குற்றம் என்றார். பறவைச் சபையில் இதுவே குணம். ஆந்தைக் கூட்டின் படத்தைப் போட்டுவிட்டு, 'எந்த இடமுங்க?' என்று கேட்டதும் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்ளும் பேச்சாளரே சிறந்தவர். இடம் சொன்ன வாரத்தில் அந்த மரத்தடியில் இருபது லென்ஸ் நிற்கும், குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை அடுத்த கிளையில் உட்கார்ந்து யோசிக்கும். தொல்காப்பிய மரபியல் பறவைக் குஞ்சுகளைப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் சொல்லச் சொன்னது. பிள்ளை இருக்கும் வீட்டு விலாசத்தை யார் ஊருக்குச் சொல்வார்கள்? ஆகையால் மடற்பனை வாழ்க.

மாணாக்கர் இயல்

கேட்போரை எட்டாகப் பிரித்தார் பவணந்தியார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. எட்டில் இரண்டு பறவை. மற்ற எந்த நூலாசிரியரும் எங்கள் சபைக்கு இத்தனை இடம் ஒதுக்கியதில்லை.

கடைசியிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் கூட்டம் அதிகம்.

நெய்யரி, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. பேச்சு முழுவதும் கேட்டு, பறவை போய், அந்தப் படத்தை எடுத்த லென்ஸ் எத்தனை எம்.எம்., எந்தக் கம்பெனி, என்ன விலை என்பது மட்டும் இவரிடம் தங்கும்.

எருமை, குளத்தில் இறங்கிக் கலக்கிவிட்டுக் குடிக்கும். இது ஞாயிறு காலையில் வெளிப்படும் இனம். நாற்பதடி தூரத்தில் நீலத்தாழைக்கோழி ஒன்று ஆகாயத்தாமரை மேல் நிதானமாக நடந்துகொண்டிருக்கும். வரிசையில் நிற்கும் எல்லோரும் பைனாக்குலரைத் தூக்கும் நேரத்தில் ஒருவர் மட்டும் 'இன்னும் கொஞ்சம் கிட்டப் போனா ஃபுல் ஃபிரேம்' என்று கோரைக்குள் இறங்குவார். தாழைக்கோழி போயிற்று, அதற்குப் பின்னால் இருந்த பாம்புத்தாரா போயிற்று, யாருமே பார்க்காமல் இருந்த உள்ளான் கூட்டமும் போயிற்று. அவருக்குக் கிடைத்தது ஒரு வால். இந்த உவமையால் உண்மையான எருமைக்கு அநீதி செய்துவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். சிங்காநல்லூரில் நிஜ எருமை இறங்கினால் ஒரு பறவையும் பறப்பதில்லை. முதுகில் ஏறி உட்கார உண்ணிக்கொக்குகள் வந்து சேரும்.

ஆடு, ஓரிடத்தில் மேயாமல் இங்கொரு தழை அங்கொரு தழை. மூன்று மாதம் பறவை, ஆறு மாதம் பட்டாம்பூச்சி, பிறகு தும்பி, பிறகு அந்திப்பூச்சிக்கு இரவில் வெள்ளைத்துணி கட்டி விளக்குப் போடுவது. முனிவர் இதைக் கடையில் வைத்தார். எனக்கு உடன்பாடில்லை. சபையில் யாருக்கும் பெயர் தெரியாத ஏதாவது ஒன்று இலையின் அடியில் ஒட்டியிருந்தால் கூப்பிடுவது இந்த ஆடுகளைத்தான்.

கிளி, சொன்னதைச் சொல்லும். முன்பு இவர்கள் சாலிம் அலி புத்தகத்தின் பக்க எண்ணைச் சொல்வார்கள், இப்போது செல்போனை நீட்டுகிறார்கள். ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் செயலி வந்துவிட்டது. ஒருமுறை சிறுவாணிப் பக்கம் ஒரே மரத்தில் இந்தச் செயலி அடுத்தடுத்து நான்கு பறவைகளின் பெயரைக் காட்ட, கிளிகள் நான்கும் குதூகலித்தன. மரத்தில் இருந்தது ஒரே ஒரு துடுப்புவால் கரிச்சான். மற்ற பறவைகளின் குரலையெல்லாம் திருடிப் பேசுவது அதன் பரம்பரைத் தொழில். கருவியைப் பறவை ஏமாற்றியது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஏனென்றால் என் போனும் அதையேதான் சொன்னது.

மண், உழுகிறவன் உழைப்புக்கு ஏற்பப் பலன் தரும். பள்ளி ஆசிரியைகள் கூட்டி வரும் பிள்ளைகள் இவ்வினம். பசு, கண்ட இடத்தில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு வீட்டில் போய் அசை போடும். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள் பெரும்பாலும் இதில் அடங்குவர். அசை போட்டதன் விளைவு மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போனில் வரும்: 'ஏனுங்க, நேத்து அவர் சொன்னது சாம்பல் வாலாட்டியா, மஞ்சள் வாலாட்டியா?'

ஓட்டைக் குடம் நான். இதை அவையடக்கத்துக்காகச் சொல்லவில்லை, பதினோரு வருட ஆவணம் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் கொய்யாமரத்தில் ஒரு சிறு பழுப்புக் குருவி வந்து 'டெக், டெக்' என்று கல்லோடு கல் தட்டும். அது பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று கற்றுக்கொள்வேன். ஏப்ரலில் அது போகும்போது அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அடுத்த செப்டம்பரில் மறுபடி கேட்பேன். 'அண்ணா, போன வருசமும் நீங்கதான் இதைக் கேட்டீங்க' என்று கல்லூரி மாணவி ஒருத்தி பொறுமையாகச் சொல்வாள்.

மதம் ஏழு

சண்டை போடும் முறையையும் நன்னூல் விட்டுவைக்கவில்லை. ஒத்துக்கொள்வதில் தொடங்கி, மறுப்பது, முதலில் ஒத்துக்கொண்டு பிறகு களைவது, இருவர் சண்டையில் ஒருவர் பக்கம் சாய்வது, யார் சொன்னாலும் கேட்காமல் தன் கருத்திலேயே நிற்பது என்று ஏழு மதம், அதாவது ஏழு கொள்கை, சொல்கிறது. நான் இதை நம்பாமல்தான் இருந்தேன், சூலூர்க் குளத்துச் சேற்றில் ஓர் உள்ளான் வந்து உட்காரும் வரை.

அது விசிறிவால் உள்ளானா, ஊசிவால் உள்ளானா என்பது கேள்வி. இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே வரி, ஒரே நீண்ட அலகு, ஒரே திருட்டுமுழி. சந்தேகமில்லாமல் பிரிக்க வழி ஒன்றுண்டு: வாலை விரித்து இறகை எண்ணலாம். விசிறிவாலுக்குப் பொதுவாக 14, ஊசிவாலுக்கு 26 அளவில், அதிலும் ஓரத்து இறகுகள் குண்டூசி போல ஒடுங்கியிருக்கும். ஆனால் அதற்குப் பறவை கையில் இருக்க வேண்டும். அது கையில் இல்லை, முப்பது மீட்டர் தள்ளிச் சேற்றில் இருக்கிறது. பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தால் விசிறிவால் என்பது அடுத்த வழி. ஆனால் அது பறக்கவில்லை. முக்கால் மணிநேரம் பறக்கவில்லை. அதற்குள் ஏழு மதமும் முறையாக நடந்து முடிந்தன. தன்மதம் கொண்டவர் ஸ்கோப்பிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. பிறர் நூலில் குற்றம் காட்டியவர், பறவைக் கையேட்டை எழுதியவர் தமிழ்நாட்டுக்கே வந்திருக்க மாட்டார் என்றார். கடைசியில் ஒரு கள்ளப்பருந்து தாழப் பறக்க, உள்ளான் எழுந்தது. சரியாக அந்த நொடியில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டியலில் 'உள்ளான், இனம் தெரியவில்லை, 1' என்று ஏறியது. இதுவே நேர்மையான முடிவு என்பதை ஓட்டைக் குடமாகிய நானும் மறக்கவில்லை.

இதே நோய் தமிழறிஞர்களுக்கும் உண்டு. சங்க இலக்கியப் பறவைகளுக்கென்றே பி.எல். சாமி தனி நூல் செய்தார். அன்றில் எந்தப் பறவை என்று கேட்டுப் பாருங்கள், அரிவாள்மூக்கன் என்பார் ஒருவர், இல்லை என்பார் இன்னொருவர். அங்கேயும் உள்ளான் பறக்கவில்லை.

வகையில் அடங்காதது

ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவிநாசிப் பக்கம் தோட்டம். பேரன் கூட்டி வந்திருந்தான். அன்றைய பேச்சு ஆர்க்டிக் பகுதிப் பறவைகளைப் பற்றி. கேள்வி நேரத்தில் அவர் எழுந்தார்.

'ஏனுங்க தம்பி, இந்த மயிலை எப்படிங்க முடுக்கறது?'

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. கடலைக்காய் போட்டால் முளைக்கும்போதே நோண்டித் தின்கிறது, மக்காச்சோளம் போட்டால் பாலடைக்கும்போது வருகிறது, தக்காளியைக் கொத்துகிறது, பட்டாசு வெடித்தால் பழகிவிடுகிறது. பேச்சாளர் சட்டத்தைச் சொன்னார்: 1963-ல் தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை, தொட்டால் ஜெயில். 'அது தெரியுமுங்க. அதனாலதானுங்க இங்க வந்து கேக்கறேன்.' நரியும் காட்டுப்பூனையும் குறைந்தது, வேலிக்காத்தான் புதர் பெருகியது, பாசன வசதி வந்தது என்று சபை ஆளுக்கொரு காரணம் அடுக்கியது. மயில் பெருகியதைக் கணக்கும் சொல்கிறது. 30,000 பறவை பார்ப்பவர்கள் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களின் நிலையை ஆராய்ந்த 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கையில் நன்றாகப் பெருகியவற்றுள் மயில் ஒன்று. அதைச் சொன்னோம். 'அதத்தானுங்க நானும் சொல்றேன். என்ற தோட்டத்துல வந்து பாத்திருந்தா மூணு கோடி எதுக்குங்க?' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவர் அன்னமும் அல்லர், எருமையும் அல்லர். வந்தார், கேட்டார், டீயை மறுத்துவிட்டு மோர் இருக்கிறதா என்று விசாரித்தார், போய்விட்டார். பதினோரு வருடத்தில் அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்விகளில் இதற்கு மட்டும்தான் பதில் உடனே வேண்டியிருந்தது. பேரன் மட்டும் இப்போதும் வருகிறான்.

அன்னம்

தலை மாணாக்கர் அன்னம். பாலையும் நீரையும் பிரிக்கும். பிரச்சனை என்னவென்றால் அன்னம் கோயம்புத்தூர் மாவட்டப் பறவைப் பட்டியலில் இல்லை. வரித்தலை வாத்துதான் அன்னம் என்று சிலர் சொல்கிறார்கள். இமயமலையையே தாண்டி வந்து தமிழ்நாட்டுக் குளங்களில் குளிர்காலம் கழிக்கும் வாத்து அது, அந்தப் பட்டத்துக்குத் தகுதிதான். ஆனால் பாலைப் பிரிப்பதாகத் தகவல் இல்லை, நெல்லைத் தின்பதாகத்தான் தகவல்.

எங்கள் அன்னம் ஒரு மில் சூப்பர்வைசர். ஓய்வு பெற்றவர். அவர் மேடையில் பேசியதில்லை, கேமரா கிடையாது, பழைய பைனாக்குலரின் ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சை. அவர் செய்வது ஒன்றே ஒன்று. மாதத்தில் ஒரே ஞாயிறு, ஒரே குளம், கரையில் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடித்து, நாமக்கோழி எண்ணுவது.

நாமக்கோழியை அறியாதவர்களுக்கு: கரிய உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், குளத்தில் கூட்டம் கூட்டமாய் மிதக்கும். அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. அரிய வாத்து ஒன்றைத் தேடும்போது குறுக்கே மிதக்கும் இடைஞ்சல் அது. எண்ணவும் முடியாது. அவர் முறை இதுதான்: சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்பார். கூட்டத்தின் ஓரத்தில் பத்தை எண்ணுவார். அந்தப் பத்து எத்தனை அகலம் என்று கண்ணில் பிடித்துக்கொள்வார். அந்த அகலத்தைக் கூட்டத்தின் மேல் முழம் போடுவது போல வைத்துக்கொண்டே போவார். முடிந்ததும் எதிர்த்திசையில் திரும்ப ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் மூன்றாவது முறை. இதற்கு நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் கூட்டமே தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடும். அவர் பைனாக்குலரை இறக்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு, அவை அமரும் வரை நின்று, ஒன்றிலிருந்து தொடங்குவார். முக்குளிப்பான்தான் அவரைத் தோற்கடிக்கும் ஒரே பறவை. ஐந்தை எண்ணும்போது இரண்டு முங்கும், மூன்று வேறிடத்தில் எழும். 'இது கணக்கு வாத்தியாருக்கே அடங்காதுங்க' என்பார்.

'அரியது வந்தால் எல்லாரும் எழுதுவாங்க' என்று ஒருநாள் சொன்னார். 'இருக்கறது இல்லாமப் போனா அதை யார் எழுதறது?' பறவைப் பட்டியல் பதியும் தளத்தில் கடைசியாக ஒரு கேள்வி வரும்: நீங்கள் பார்த்து அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா? பெரும்பாலோர் யோசிக்காமல் 'ஆம்' என்று அழுத்துகிறோம். காக்கையை எழுதாமல், மைனாவை எழுதாமல், சிட்டை எழுதாமல். எல்லாம் எழுதிய பட்டியலில்தான் எழுதப்படாதது அன்று இல்லை என்று பொருள்படும், மற்றதில் அது சோம்பல் என்றும் பொருள்படும். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-ல் மாநிலத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலத் தலமாகவும் ஆனபோது சபையில் கைதட்டினோம். அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் கரையில் நின்று எண்ணிக்கொண்டே இருந்திருப்பார் என்பது எனக்குத் தோன்றியதே இவரைப் பார்த்துத்தான்.

போன டிசம்பர் கூட்டத்தில் செயலாளர் அவரைக் கட்டாயப்படுத்தி ஐந்து நிமிடம் பேச வைத்தார். நோட்டுப் புத்தகத்தோடு எழுந்து, மாதம், எண்ணிக்கை, மாதம், எண்ணிக்கை என்று வாசிக்கத் தொடங்கினார். படம் ஒன்றும் இல்லை. மூன்றாவது வருடம் வரும்போது நெய்யரிகள் வெளியே போய்விட்டன, கிளிகள் போனைப் பார்த்தன. வாசித்துக்கொண்டே ஒரு மாதத்தில் நிறுத்தினார். 'இந்த மாசம் எழுதலைங்க. சம்சாரம் ஆஸ்பத்திரியில இருந்தா.' அடுத்த மாதத்துக்குப் போனார். பசுக்கள் எழுதிக்கொண்டன. நானும் அன்று ஒன்றிரண்டு எண்களைக் குறித்துக்கொண்டேன். அந்தத் தாள் எங்கே என்று இப்போது கேட்காதீர்கள்.

மறுநாள் காலை குளம் முடித்து, கரைக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் நின்றோம். ஊசிவால் வாத்து இரண்டு வந்திருந்ததில் கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். போனில் நான் பட்டியலை முடித்து 'ஆம்' பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்திருந்தேன். அவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

'காக்கா போட்டீங்களா?'

போடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து எங்கள் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தன. 'பதினொன்னு' என்றேன்.

'தண்ணித்தொட்டி மேல ஒண்ணு உக்காந்திருக்குது பாருங்க' என்றார்.